சாந்து தேயலாம், செங்கல் தேயக்கூடாது

(பழைய வீடுகளின் பராமரிப்பு குறித்துக் காரைக்குடியில் நடந்த பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)

பின்வரிசையில் கொத்தனார்கள் சிலர் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் முன்னால் வந்து உட்கார வேண்டும். நான் பேசப்போவதெல்லாம் அவர்கள் கைவேலையைப் பற்றித்தான். நான் சொல்வதில் எதுவும் நடைமுறைக்கு ஒத்துவராது என்று பட்டால் அவர்கள் என்னை நிறுத்திக் கேட்கலாம்.

இந்த மேசை மேல் இருப்பது, பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு வீட்டின் மூன்றாம் கட்டுப் பின்சுவரிலிருந்து பெயர்ந்து விழுந்த துண்டு. மூன்று செங்கல், நடுவே சாந்து. கூட்டம் முடிந்ததும் கையில் எடுத்துப் பாருங்கள். செங்கல்லுக்குச் செங்கல் விட்ட சந்தின் வெளிமுகத்தில் இருப்பது சிமெண்ட். பூசிய அன்று கரண்டி இழுத்த கோடுகூட அழியாமல் துருத்திக்கொண்டு நிற்கிறது. அதற்கு மேலும் கீழும் உள்ள செங்கலோ ஒரு விரல்கடை ஆழம் உள்வாங்கிக் கிடக்கிறது. நகத்தால் சுரண்டினால் செம்பொடியாக உதிர்கிறது. அந்தப் பொடியை நாக்கு நுனியில் வைத்தால் உப்புக் கரிக்கும். துண்டைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். அங்கே பழைய சுண்ணாம்புச் சாந்து ஒட்டிய தடம் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் செங்கல்லின் விளிம்பு மழுங்கக்கூட இல்லை.

“சிமெண்ட்டு கல்லு மாதிரி நிக்கிது, செங்கல்தான் பழசாகி உதிருது” என்றார் வீட்டுக்காரர். ஊரெங்கும் இதே பேச்சுதான். ஆனால் அந்தச் செங்கல், சந்தில் சிமெண்ட் ஏறுவதற்கு முன்னால் இரண்டு மூன்று தலைமுறையின் மழைக்காலத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா நின்றது. உதிரத் தொடங்கியது சிமெண்ட் ஏறிய பிறகு. பழைய சுவரின் சந்தில் வைக்கும் சாந்து, அந்தச் சுவரின் செங்கல்லைவிட வலுக் குறைந்ததாக இருக்க வேண்டும். இன்று இங்கிருந்து இந்த ஒரு செய்தியை மட்டும் நீங்கள் வீட்டுக்குக் கொண்டுபோனாலும் எனக்குப் போதும்.

நம் செட்டிநாட்டு வீடுகள் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து 1940கள் வரை எழுந்தவை. பர்மா, மலாயா, இலங்கையில் நடந்த கொடுக்கல் வாங்கலில் வந்த பணம் இங்கே முகப்பாகவும் வளவாகவும் கட்டுக்கட்டாக நிமிர்ந்தது. வந்து பார்ப்பவர்கள் பர்மாத் தேக்கைப் பார்க்கிறார்கள், ஆத்தங்குடிக் கல்லைப் பார்க்கிறார்கள், பெல்ஜியம் கண்ணாடியைப் படம் எடுக்கிறார்கள். அத்தனையையும் தாங்கி நிற்பது காளவாசலில் விறகு வைத்துச் சுட்ட நாட்டுச் செங்கல்லும் சுண்ணாம்பும். சுவர் ஒன்றரை அடி, இரண்டடித் தடிமன் இருக்கும். பழைய கல் இன்றைய 9 அங்குலக் கல்லைப் போலப் பருத்தது இல்லை, தட்டையானது. கல் மெலிய மெலியச் சந்துகளின் எண்ணிக்கை கூடும். மூன்று விரல் கல்லுக்கு ஒரு விரல் சாந்து என்று வைத்துக்கொண்டால், சுவரின் உயரத்தில் கால் பங்கு சாந்துதான். அப்படியென்றால் சாந்தை மாற்றுவது சுவரின் கால் பங்கை மாற்றுவதற்குச் சமம். அதைச் சில்லறை வேலை என்று நினைத்து, தெருவில் போகும் யாரையோ கூப்பிட்டு அரை மூட்டை சிமெண்ட்டைக் கையில் கொடுக்கிறோம்.

காளவாசலில் தீ எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி ஏறாது. தீவாய்க்குப் பக்கத்தில் இருந்த கல் நன்றாக வெந்திருக்கும், ஓரத்தில் அடுக்கியது அரைவேக்காடாக இருக்கும். இரண்டும் ஒரே சுவரில் சேர்ந்துதான் நிற்கின்றன. அன்றைய கொத்தனாருக்கு அது தெரியும். அதனால்தான் கல்லைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும், ஆனால் கல்லை நெரிக்காத ஒரு சாந்தை வைத்தார். அதற்கு மேல் முழுச் சுவரையும் சுண்ணாம்புப் பூச்சால் மூடினார்.

போர்ட்லாண்ட் சிமெண்ட்டுக்கு இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை வாங்கியது 1824இல். இந்தியாவில் முதன்முதலாக அதைத் தயாரிக்கும் முயற்சி சென்னையில் 1904இல் நடந்தது. திருச்சிக்குப் பக்கத்தில் டால்மியாபுரம் ஆலை வந்தது 1939இல். ஆகவே நம் பகுதியின் மிகப் பழைய வீடுகளில் சிமெண்ட் இருக்க வழியே இல்லை. கடைசிக் காலத்து வீடுகளில், 1930கள், 40களில் எழுந்தவற்றில், அங்கங்கே சிமெண்ட்டும் கான்கிரீட்டும் கலந்திருக்கலாம். வேலைக்கு இறங்கும் முன் உங்கள் வீடு எந்தக் காலத்தது என்று தெரிந்துகொள்ளச் சொல்வது இதற்காகத்தான்.

சிமெண்ட்டால் செங்கல் ஏன் உதிர வேண்டும்? சுவருக்குள் எப்போதும் கொஞ்சம் ஈரம் இருக்கும். தரையிலிருந்து ஏறும், ஓட்டு விரிசலில் இறங்கும், மழைச் சாரலில் வரும். சுண்ணாம்புச் சாந்தில் நுண்துளைகள் அதிகம், எனவே ஈரம் சந்து வழியாக வெளியேறிக் காய்ந்துவிடும். ஈரத்தோடு வரும் உப்பும் சந்திலேயே தங்கும். உப்புக் கட்டியாகி விரியும்போது உடைவது சாந்து. பல வருடம் கழித்து அந்தச் சாந்தை மட்டும் சுரண்டிவிட்டு மறுபடி வைத்தால் போதும், கல் பிழைத்துக்கொள்ளும். சந்தை சிமெண்ட்டால் அடைத்துவிட்டால் ஈரத்துக்கு அந்த வழி இல்லை, செங்கல் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். உப்பு செங்கல்லின் முகத்துக்குப் பின்னால் சேருகிறது. வெயிலில் காய்ந்து கட்டியாகிறது, மறு மழையில் கரைகிறது, திரும்பக் கட்டியாகிறது. ஒவ்வொரு முறையும் செங்கல்லின் மேல்தோல் ஒரு ஏடு கழன்று விழுகிறது. சிமெண்ட் தன் பங்குக்குக் கொஞ்சம் உப்பையும் கொண்டுவந்து சேர்க்கிறது.

பலத்திலும் பொருத்தம் இல்லை. நாட்டுச் செங்கல் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 3 முதல் 5 நியூட்டன் அழுத்தம் தாங்கும். ஒன்றுக்கு மூன்று என்று கலந்த சிமெண்ட் சாந்துக்குத் தரக் கணக்கு 10 நியூட்டன். சாதாரணச் சுண்ணாம்புச் சாந்து ஒன்றை ஒட்டி நிற்கும். சித்திரை வெயிலில் சுவர் விரியும், மார்கழிப் பனியில் சுருங்கும். அந்த அசைவைச் சாந்து வாங்கிக்கொள்ளாவிட்டால் செங்கல்தான் வாங்கிக்கொண்டு விளிம்பு உடையும்.

இது நம் ஊருக்கு மட்டும் வந்த வினை இல்லை. இங்கிலாந்தில் 20ஆம் நூற்றாண்டில் பழைய செங்கல் வீடுகளை ஆயிரக்கணக்கில் சிமெண்ட்டால் பாயிண்டிங் செய்தார்கள், அதாவது சந்து அடைத்தார்கள். அங்கே உப்போடு உறைபனியும் சேர்ந்து கல்லின் முகத்தைப் பெயர்த்தது. வில்லியம் மாரிஸ் 1877இல் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் இன்றும் பழைய சுவருக்குச் சுண்ணாம்பையே பரிந்துரைக்கிறது. அமெரிக்காவின் தேசியப் பூங்காத் துறை வீட்டுக்காரர்களுக்காக வெளியிட்ட கையேடும் இதையே சொல்கிறது: புதுச் சாந்து பழைய செங்கல்லைவிட வலுக் குறைந்ததாக, ஈரத்தை விடுவதாக இருக்க வேண்டும். நம் மாநிலத்திலேயே நல்ல சான்று உண்டு. சென்னை சேப்பாக்கம் அரண்மனையின் கலச மகால் 2012 ஜனவரியில் தீயில் வெந்தது. பொதுப்பணித் துறை அதைச் சுண்ணாம்புக் கலவை கொண்டே மீட்டெடுத்தது. எரிந்து கூரை இழந்த கட்டடத்தையே சுண்ணாம்பால் நிமிர்த்த முடியும்போது, ஓதம் ஏறிய பின்சுவரை நிமிர்த்த முடியாதா?

சரி, வேலைக்கு வருவோம். முதல் வேலை கரண்டி எடுப்பது இல்லை, தண்ணீரை நிறுத்துவது. ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை கொட்டும்போது குடை பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி ஒரு நடை நடங்கள். கூடல்வாய்த் தகரம் எங்கே துருப்பிடித்து ஒழுகுகிறது, எந்த ஓடு நழுவியிருக்கிறது, தாழ்வாரத் தண்ணீர் எங்கே சுவரில் அடிக்கிறது, வளவில் விழும் மழைநீர் போகும் வடிகாலில் என்ன அடைத்திருக்கிறது என்று அப்போது தெரியும். வெயில் நாளில் பத்து எஞ்சினியர் வந்து பார்த்தாலும் அது தெரியாது. ஒழுகலை நிறுத்தாமல் சந்து அடைத்தால் போட்ட காசு அடுத்த மழையோடு போய்விடும்.

இன்னொன்று தெரு. நம் முன்னோர் வீட்டைத் தெருமட்டத்திலிருந்து நன்றாக உயர்த்தித்தான் கட்டினார்கள். பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே மறுபடி மறுபடி போட்டதில் தெரு ஏறிவிட்டது, திண்ணை இறங்கிவிட்டது. பழைய பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதுச் சாலை போட வேண்டும் என்று 2021இல் தமிழக அரசு அறிவுறுத்தியிருக்கிறது. உங்கள் தெருவில் சாலை வேலை நடக்கும்போது அதைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். வீட்டை ஒட்டிச் சுற்றிலும் சிமெண்ட் தளம் போட்டவர்கள், சுவரோரம் ஒரு முழ அகலத்துக்காவது அதை உடைத்துவிட்டுச் சரளை போடுங்கள். மண்ணின் ஈரம் அந்த இடைவெளியில் மேலே போய்விடும், சுவரைத் தேடி வராது.

கீழே மூன்றடிக்கு சிமெண்ட் பூசினால் ஓதம் நிற்கும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. நிற்காது. நான்காவது அடியில் வந்து பூக்கும். அதன் மேல் டைல்ஸ் ஒட்டினால் ஐந்தாவது அடிக்குப் போகும். ஈரம் வெளியேற இடம் கிடைக்கும்வரை ஏறிக்கொண்டே இருக்கும்.

அரசங்கன்றும் ஆலங்கன்றும் சுவரில் முளைத்திருந்தால் பிடுங்காதீர்கள். வேர் பற்றிய கல்லும் சேர்ந்து வரும். தண்டை வெட்டி, வேரை மருந்து வைத்துச் சாகடித்து, காய்ந்த பிறகு அந்த இடத்தைப் பிரித்துக் கட்ட வேண்டும். சுவர் வயிறு தள்ளியிருந்தாலோ, விரிசல் செங்கல்லையே பிளந்துகொண்டு சாய்வாகப் போனாலோ அது பாயிண்டிங் வேலையே இல்லை. அஸ்திவாரத்தையும் உத்தரத்தையும் பார்க்கத் தெரிந்த பொறியாளரைக் கூப்பிட வேண்டும்.

தண்ணீர் நின்றது, சுவர் ஒரு கோடை காய்ந்தது என்று வைத்துக்கொள்வோம். இனி சந்து. பழைய சாந்தை எடுக்க மெல்லிய உளியும் சின்னச் சுத்தியலும் போதும். கட்டிங் மெஷினைச் சுவர் பக்கமே கொண்டுபோகக் கூடாது. மெஷின் பிளேடு மெல்லிய சந்தை விட்டு ஒரு நூல் விலகினாலும் இரண்டு பக்கக் கல்லின் விளிம்பும் போய்விடும், அந்தக் கல் பிறகு வளராது. சந்து எவ்வளவு அகலமோ அதுபோல் இரண்டு மடங்கு, இரண்டரை மடங்கு ஆழத்துக்கு எடுக்க வேண்டும். முக்கால் அங்குலச் சந்தென்றால் ஒன்றரை அங்குலத்துக்குக் குறையக் கூடாது. மேலாக ஒரு நூல் சுரண்டிவிட்டுச் சாந்தை அப்பினால் அது ஒரு வருடத்தில் ஏடாகக் கழன்று விழும். உறுதியாக இருக்கும் பழைய சாந்தைத் தொடவே வேண்டாம். அவ்வளவையும் ஒரே மாதிரி தெரியச் செய்ய வேண்டும் என்பதற்காக நல்ல சாந்தைக் கொத்தி எடுப்பது வீண் சேதம்.

எடுத்த சாந்தில் ஒரு கைப்பிடியைக் கொட்டிவிடாமல் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கையில் நசுக்கிப் பார்த்தால் அந்தச் சுவரின் செய்முறை தெரியும். மணல் நயமா பருமனா, என்ன நிறம், செங்கல் தூளான சுர்க்கி கலந்திருக்கிறதா என்று பார்க்கலாம். நீறாமல் நின்ற சுண்ணாம்பின் வெள்ளைப் பொட்டுகள் கண்ணுக்குத் தட்டுப்படும். காளவாசல் கரித்தூள்கூடச் சில இடங்களில் இருக்கும். நீர்த்த அமிலத்தில் போட்டால் சுண்ணாம்பு நுரைத்துக் கரைந்துபோய் மணல் மட்டும் அடியில் தங்கும். எடை போட்டால் விகிதம் கிடைத்துவிடும். புதுச் சாந்தை அதற்கு ஒத்து வரும்படி கலக்க வேண்டும்.

சுண்ணாம்புக் கணக்கு எளிது. சுத்தமான சுண்ணாம்புக்கல்லோ கிளிஞ்சலோ 100 கிலோவை 900 டிகிரி வெப்பத்தில் சுட்டால் 44 கிலோ கரியமில வாயுவாகப் போய் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். தண்ணீர் விட்டு நீற்றினால் 74 கிலோ. சுவரில் வைத்த பிறகு அது காற்றிலிருந்து கரியமில வாயுவைத் திரும்ப வாங்கி மெல்ல மெல்லக் கல்லாகிறது. வாரத்தில் முடியும் வேலை இல்லை, மாதங்கள் ஆகும். சுவரின் உட்பகுதிக்கு வருடங்களே ஆகலாம். சுண்ணாம்பு இறுகவில்லை என்று பத்தாம் நாளே புகார் சொல்லி, அதில் சிமெண்ட் கலக்கச் சொல்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். “ரெண்டு சட்டி சிமெண்ட் போட்டா சீக்கிரம் பிடிச்சுக்கும்” என்பது சுண்ணாம்பின் குணத்தைக் கெடுக்கும் யோசனை. நீற்றிய சுண்ணாம்பைக் குழியில் தண்ணீர் மூடியிருக்க வாரக்கணக்கில் ஊறப்போட வேண்டும். முன்பு மாடு கட்டிச் செக்கில் அரைத்தார்கள். இப்போது மோட்டார் அரவை இருக்கிறது, தவறில்லை. அரைபட அரைபடச் சாந்து குழையும், தண்ணீர் குறைவாகப் பிடிக்கும், வெடிப்பு குறையும்.

கடுக்காயும் வெல்லமும் பற்றி எப்போதும் கேட்பார்கள். இரண்டையும் ஊறவைத்துப் புளித்த நீரை விட்டு அரைப்பது நம் வழக்கம். கடுக்காயில் உள்ள துவர்ப்புச் சத்தும் வெல்லத்தின் இனிப்பும் சாந்தைக் குழைவாக்குகின்றன. இனிப்பு நீரில் சுண்ணாம்பு கூடுதலாகக் கரையும் என்பது வேதியியலில் தெரிந்த உண்மை. அளவு மிஞ்சினால் சாந்து பிடிப்பதே தாமதமாகும், ஆகவே கை தாராளம் வேண்டாம். முட்டையைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். முட்டை ஊற்றிக் கட்டிய சுவர் என்று பெருமையாகச் சொல்கிறோம். முட்டை வெள்ளைக்கரு போனது கடைசி மெருகுப் பூச்சுக்கு. நயமாக அரைத்த கிளிஞ்சல் சுண்ணாம்போடு சேர்த்துப் பூசி, வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாக்கினார்கள். செங்கல் சந்துக்கு முட்டை தேவையில்லை. பாயிண்டிங்குக்கு முட்டைக் கணக்கு எழுதி யாராவது பில் கொடுத்தால் கேள்வி கேளுங்கள்.

கலவைக்குத் தண்ணீர் முக்கியம். சம்பை ஊற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த காரைக்குடிக்காரர்களுக்கு நல்ல தண்ணீரின் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை. உப்பு போர் தண்ணீரில் கலந்தால், எந்த உப்பை விரட்டப் பார்க்கிறோமோ அதையே உள்ளே வைத்துப் பூசுகிறோம். மணலும் அப்படியே, கழுவிச் சலித்தது வேண்டும்.

சந்தைத் தூசி போகக் கழுவி, செங்கல் சாந்தின் ஈரத்தை உறிஞ்சிவிடாதபடி நனைத்து வைக்க வேண்டும். தண்ணீர் சொட்டக் கூடாது, ஈரம் மட்டும் இருக்க வேண்டும். சாந்தை உள்ளே அழுத்தி, ஒரு அடுக்கு கொஞ்சம் இழுத்த பிறகு அடுத்த அடுக்கு. கல்லின் முகத்தில் வழியக் கூடாது, அந்த முகத்தின் மட்டத்துக்கு ஒரு மயிரிழை உள்ளே நிற்கட்டும். பாதி இறுகியதும் கெட்டியான பிரஷ்ஷால் குத்திவிட்டால் மேல்முகம் திறந்து காற்றை வாங்கும். பிறகு ஈரச்சாக்கு தொங்கவிட்டு ஒரு வாரத்துக்குக் குறையாமல் வெயில் படாமல் காக்க வேண்டும். பெரும்பாலும் வேலை கெடுவது இந்தக் கடைசி வாரத்தில்தான். கூலி கொடுத்து முடித்ததும் சாக்குக்குத் தண்ணீர் தெளிக்க ஆள் இருக்காது. பங்குனி, சித்திரையில் இந்த வேலையை வைக்கவே வைக்காதீர்கள். தை பிறந்து மழை ஓய்ந்ததும் தொடங்கினால் நல்லது.

இப்போது ஒரு மோகம் வந்திருக்கிறது, அதைக் கண்டிக்காமல் போக எனக்கு மனம் வரவில்லை. வெளியூரில் உள்ள செங்கல் விடுதிகளைப் பார்த்துவிட்டு வந்து, நல்ல சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தி எறிந்து, செங்கல்லை வெளியே காட்டிப் பாயிண்டிங் செய்து, மேலே பளபளக்கும் வார்னிஷ் அடிக்கிறார்கள். எழும்பூர் ரயில் நிலையத்துச் செங்கல்லும் உயர்நீதிமன்றத்துச் செங்கல்லும் வெளியே தெரிவதற்கென்றே தேர்ந்தெடுத்துச் சுட்டவை. நம் சுவரில் இருப்பது பூச்சுக்குள் இருப்பதற்காகச் சுட்ட கல். அரைவேக்காட்டுக் கல்லும் அதில் உண்டு என்று சொன்னேன். பூச்சை உரிப்பது அந்தக் கல்லை மழையில் நிறுத்துவது. வார்னிஷ் அதன் மூச்சையும் அடைத்துவிடும். மதுரையில் 1636இல் எழுந்த திருமலை நாயக்கர் மகாலின் வளைவுகளும் குவிமாடங்களும் செங்கல்லும் சுண்ணாம்பும்தான். ஆளுநர் நேப்பியர் 1866 முதல் 1872 வரை அதைப் பழுதுபார்க்க வைத்தார். அந்தச் செங்கல் இன்றும் சுண்ணாம்புக்குள்தான் இருக்கிறது.

பொங்கலுக்கு முன்னால் வெள்ளையடித்தோமே, அது வெறும் அலங்காரம் இல்லை. மயிரிழை வெடிப்புகளில் சுண்ணாம்பு இறங்கி அடைத்துக்கொள்ளும், சுவரும் மூச்சுவிடும். எமல்ஷன் அடித்து அந்த வருடாந்திர மருத்துவத்தை நிறுத்திவிட்டோம். வெளிச்சுவருக்காவது வெள்ளையடிப்பைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

பணத்தைவிடப் பெரிய தடை எது என்று உங்களுக்கே தெரியும். ஒரு வீட்டுக்குப் பதினைந்து, இருபது பங்காளிகள். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில். யார் செலவு செய்வது, யார் சொல்லி யார் கேட்பது என்ற பேச்சிலேயே மழைக்காலங்கள் போகின்றன. 1942இல் பர்மா கைவிட்டுப்போன பிறகு சுருங்கிய குடும்பங்கள் பல. கடைசியில் வீடு பிரிபட்டு, தூணும் கதவும் முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்கு வருகின்றன. செங்கல் குப்பையாகப் போகிறது. 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பெற்றன. பட்டியல் வந்து ஒழுகும் கூடல்வாயைச் சரிசெய்யாது. முன்னோரைக் கும்பிடும் படைப்பு வீட்டுக்கும் கோயில் திருப்பணிக்கும் குடும்பப் புள்ளிக் கணக்கில் வரி போட்டு நடத்தத் தெரிந்த சமூகம் இது. அதே முறையில் ஒவ்வொரு வீட்டுக்கும் வருடத்துக்கு ஒரு சிறு தொகை ஒதுக்கி, ஓடு மாற்றவும் சந்து பார்க்கவும் ஒரே ஒரு பங்காளியிடம் பொறுப்பைக் கொடுத்தால் பெரிய செலவு வராமலே போகும்.

கொத்தனார்களைப் பற்றியும் ஒரு சொல். சுண்ணாம்பு வேலை தெரிந்த கைகள் குறைந்துவருகின்றன. தெரிந்தவர்களையும் சதுர அடிக் கணக்கில் விரட்டினால் அவர்கள் சிமெண்ட்டுக்குத்தான் போவார்கள். இந்த வேலைக்கு நாள் கூலிதான் நியாயம், அதுவும் சிமெண்ட் வேலையைவிடக் கூடுதலாக. வேலை தெரிந்த கொத்தனாரோடு ஒரு இளைஞரை நிறுத்திக் கற்றுக்கொடுக்கச் சொல்லி, அந்தக் கூலியையும் வீட்டுக்காரரே ஏற்க வேண்டும்.

நம் ஊரில் 1952இல் தொடங்கிய அழகப்பச் செட்டியார் பொறியியல் கல்லூரி இருக்கிறது. இரும்பு துருப்பிடிப்பதைப் பற்றி ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையமும் இங்கேயே இருக்கிறது. வீட்டுக்காரர் ஒரு கைப்பிடிச் சாந்தைக் கொண்டுபோனால் விகிதம் பார்த்துச் சொல்லவும், சுவருக்குள் புதைந்த இரும்பு உத்தரத்தின் துருவுக்கு வழி சொல்லவும் ஒரு ஏற்பாடு வேண்டும் என்று இரு இடங்களிலும் நாம் சேர்ந்து மனு கொடுக்கலாம். மனுவின் நகல் வாசல் மேசையில் இருக்கிறது, கையெழுத்து போட்டுவிட்டுப் போங்கள்.

பின்முற்றத்தில் மூன்று கொத்தனார்கள் ஊறிய சுண்ணாம்பும் அரைத்த சாந்தும் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். ஒரு பழைய மதில்துண்டில் சந்து எடுத்து அடைத்துக் காட்டுவார்கள். வீட்டுச் சுவரிலிருந்து சாந்துத் துண்டு கொண்டுவரச் சொல்லியிருந்தோம். கொண்டுவந்தவர்கள் முதலில் போகலாம், அமிலச் சோதனையை உங்கள் கண் முன்னாலேயே செய்து பார்ப்போம்.